கண்டி மலையும் இரவல் நிரலும்

2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் நாள், பௌர்ணமி ஞாயிறு. காலை ஏழு மணியை எட்ட ஒரு நிமிடம் இருக்கையில் சுமாத்திராவின் கரையோரக் கடலடியில் நிலம் பிளந்தது. ஏறத்தாழ நான்கு நிமிடங்களில் அதன் முதல் அதிர்வு கண்டி நகருக்குக் கிழக்கே பல்லேகலையில் அமைந்துள்ள நிலநடுக்கப் பதிவு நிலையத்தை வந்தடைந்தது. பின்னர் வந்த மேற்பரப்பு அலைகளால் பல்லேகலையின் நிலம் ஒன்பது சென்ரிமீற்றருக்கு மேல் எழுந்து தாழ்ந்தது. மெதுவான, நீண்ட அசைவு அது. மனிதர் காலுக்கு எளிதில் புலப்படாதது. கருவிக்கோ ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது.

கடல் கிழக்குக் கரையில் ஏறியது அதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்தே. கருவி அறிந்ததைக் கரையில் வலை உலர்த்தியவன் அறியவில்லை. இந்து சமுத்திரத்துக்கென ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பு எதுவும் அன்று இருந்ததில்லை. உணர்வது ஒரு கை, கணிப்பது மற்றொரு கை, அறிவிப்பது இன்னொரு கை. இக்கைகள் ஒன்றோடொன்று கோக்கப்படாதவிடத்து எத்துணை நுண்ணிய கருவியும் ஊமை கண்ட கனவையே ஒக்கும். பல்லேகலையில் பெரிய அளவில் கண்ட இந்தக் கோவைப் பிரச்சினை, உள்ளங்கையளவு கணினிக்குள்ளும் உண்டு. கண்டி மலைகளின் சரிவிலே வாழ்வோருக்கு அது உயிர்ப் பிரச்சினை.

மழையை அளப்பது கண்டிச் சீமைக்குப் புதிய தொழிலன்று. பேராதனைப் பூங்கா 1821 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட பின்னர், தோட்டந்தோறும் மழைமானியும் பதிவேடும் வந்து சேர்ந்தன. காலையில் குவளையை எடுத்துக் கண்ணாடி அளவுகோலில் ஊற்றி, அங்குலக் கணக்கில் எழுதி வைப்பர். கொழுந்து எடுப்பதற்கும் உரம் இடுவதற்கும் உதவிய கணக்கு அது. லயத்தின் மேலே நிற்கும் மலை எப்போது அசையும் என்று கேட்பதற்காக அந்த ஏடு எழுதப்படவில்லை.

இன்று அக்கேள்வியே முதற் கேள்வியாகிவிட்டது. 2014 ஒக்ரோபர் 29 இல் பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயங்கள் மண்ணுள் புதைந்தன. 2016 மே 17 இல் கண்டிக்கு அயலான கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் நாடெங்கும் நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்டபோது, மிகுந்த உயிரிழப்பைக் கண்டது கண்டி மாவட்டம்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதற்கென மழையளவு எல்லைகளை வகுத்துள்ளது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாயிருத்தல். 100 பெய்தால் வெளியேறுவதற்கு ஆயத்தமாதல். 150 ஐத் தாண்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலோ, வெளியேறுதல். மலைநாட்டு மாவட்டங்களில் தானியங்கி மழைமானிகளும் நிறுவப்பட்டுள்ளன. நள்ளிரவில், காற்றிலும் இருளிலும், குவளையைத் தூக்கிப் பார்க்க எவரும் போகமாட்டார். அங்கே கணக்கப்பிள்ளையாக நிற்பது ஒரு சிறிய கணினி.

அத்தகைய கணினி எவ்வளவு சிறியது? 1990களின் இறுதியில் கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் டேவிட் கல்லரும் அவருடன் உழைத்தோரும், வானொலி அலையால் தம்முள் பேசிக்கொள்ளும் உணரிகளுக்கென ஓர் இயக்க முறைமையை உருவாக்கத் தொடங்கினர். டைனி ஓஎஸ் என்பது அதன் பெயர். 2002 இல் அமெரிக்காவின் மேய்ன் மாநிலக் கரைக்கு அப்பாலுள்ள கிரேட் டக் தீவில், கடற்பறவைகளின் வளைகளைக் குலைக்காமல் ஆராய்வதற்கு இவ்வகைப் பொறிகள் வைக்கப்பட்டன. மைக்கா எனும் வரிசையில் பெரிதும் பயன்பட்ட பொறி ஒன்றின் வேலை நினைவகம் நான்கே கிலோபைற். இன்றைய முறையில் தமிழ் எழுத்தைச் சேமித்தால், இக்கட்டுரையின் இரண்டு பந்திகளுக்கு மேல் அதில் கொள்ளாது. இரண்டு சிறு மின்கலங்களே அதற்குத் தீனி.

இவ்வளவு சிறிய வீட்டுக்கு எல்லாவற்றையும் புதிதாகச் செய்துகொள்ள எவருக்கும் காலமில்லை. பிறர் எழுதிச் சோதித்த நிரலை இரவல் வாங்கும் வழக்கம் கணினியின் பிள்ளைப்பருவத்திலேயே தோன்றியது. 1949 இல் கேம்பிரிட்ஜில் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினிக்கு வில்க்ஸ், வீலர், கில் ஆகிய மூவரும் துணைநிரல்களைத் திரட்டி ஒரு நூலகமே அமைத்தனர். 1951 இல் அதைப் பற்றி நூலும் வெளியிட்டனர். பின்னர் 1972 அளவில் பெல் ஆய்வகத்தில் டெனிஸ் ரிச்சி வகுத்த சி மொழி அந்த இரவலுக்குப் பொது நாணயமாயிற்று. தரவைச் சுருக்குவது, பிழை உண்டா எனப் பார்ப்பது, செய்தியை மறைமொழியாக்குவது என எதற்கும் யாரோ ஒருவர் எழுதிய சி நிரல் கிடைக்கும்.

டைனி ஓஎஸ் பேசும் மொழியோ சி மொழியின் தங்கையான நெஸ்சி. டேவிட் கே, பிலிப் லெவிஸ் முதலியோர் 2003 இல் அதனை விளக்கி எழுதினர். அக்கா வீட்டுப் பொருளைத் தங்கை வீட்டுக்குக் கொண்டுவருவது எளிதென்றே தோன்றும். முன்னறிவிப்புக் கோப்பு ஒன்றில் இரவல் செயலின் பெயரையும், அது என்ன பெறும், என்ன தரும் என்பதையும் எழுதி, ஏற்கெனவே இயந்திர மொழியாக்கப்பட்ட கோப்பை இறுதியில் இணைப்பியிடம் கொடுத்தால் ஒருவழியான வேலை முடிந்துவிடும்.

இரவல் நிரல் திரும்பி நம்மை அழைக்க வேண்டியபோதுதான் சிக்கல். நெஸ்சி தொகுப்பி ஒவ்வொரு செயலின் பெயரோடும் அது வாழும் கூறின் பெயரையும் ஒட்டிவிடும். வெளியார் பழைய பெயரால் கூப்பிட்டால் உள்ளே எவரும் ஏனென்று கேட்கார். அதற்கு மேல், இடத்தை மிச்சப்படுத்துவதற்காக, முழு நிரலையும் ஒருங்கே பார்த்து, எவரும் அழைக்காத செயலை அது நீக்கிவிடுகிறது. வாசலில் எவரையும் காணோம் என்று வீட்டையே இடித்துவிடும் நகரசபைக்கு ஒப்பான சிக்கனம் இது! ஆகவே இரண்டு குறிகளை இடவேண்டும். ஒன்று, பெயரை மாற்றாதே என்பது. மற்றது, உன் கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து இதற்கு அழைப்பு வரும் என்பது.

இவையெல்லாம் கைத்தொழில் நுணுக்கம். ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொள்ளலாம். கொடுக்கும் விலைதான் பெரியது. நெஸ்சியின் தலையாய சிறப்பு அதன் கண்காணிப்பு. ஒரே எண்ணை ஒரு வேலை மாற்றிக்கொண்டிருக்கையில் இடையீடாக வந்த இன்னொரு வேலையும் தொட்டுவிடக்கூடிய இடங்களை அது முன்கூட்டியே சுட்டிக் காட்டும். வெளியிலிருந்து இயந்திர மொழியாக வந்த கோப்பினுள்ளே அந்தக் கண் செல்லாது. மேலும் டைனி ஓஎஸ் நினைவகத்தைத் தொடக்கத்திலேயே பங்கிட்டுவிடும் சிக்கனக் குடும்பம். பெரிய கணினியில் வளர்ந்த இரவல் நிரலோ வேண்டும்போதெல்லாம் இடம் கேட்கும்; பெரிய அட்டவணைகளை அடுக்கில் வைக்கும். சிறு பொறியில் தடுப்புச் சுவர் கிடையாது. அடுக்கு வழிந்தால் பக்கத்திலிருக்கும் எண்கள் சத்தமின்றி அழியும்.

எண்ணின் அகலமும் அவ்வாறே. மேசைக் கணினியில் சி மொழியின் சாதாரண முழுவெண் 32 துவித இலக்கம் கொள்ளும். இந்தச் சிறு பொறிகளில் பெரும்பாலும் 16 மட்டுமே. அதனுள் அடங்கும் மிகப் பெரிய எண் 32,767.

இதைக் கண்டி மலைக்குக் கொண்டுவந்து பார்த்தால் பொருள் விளங்கும். தட்டுச் சாய்வு மழைமானியில் 0.2 மில்லிமீற்றர் மழைக்கு ஒருமுறை தட்டு கவிழும். இரவல் நிரல் மழையை மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்காக எண்ணுகிறது என வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தட்டுக்கும் 20. வெளியேறும் எல்லையான 150 மில்லிமீற்றர் 750 தட்டுகளில் வந்துவிடும், கணக்குச் சரி. 1,638 தட்டுகள் வரையும் சரி, அதுவரை 32,760. அடுத்த தட்டில் 32,780 ஆகவேண்டும், இடம் போதாது. பெரும்பாலான பொறிகளில் எண் புரண்டு, சுழியத்துக்கும் கீழே போய்விடும். 328 மில்லிமீற்றர் கொட்டித் தீர்த்த இரவில், கணக்கேடு மழையே இல்லை என்று சொல்லும். சாதாரண மழையில் உண்மை பேசிய கருவி, மலை சரியும் மழையில் பொய் பேசும். நாளொன்றில் 300 மில்லிமீற்றரைக் கடந்த மழை இந்நாட்டு வரலாற்றில் புதிதன்று.

இது வெறும் கற்பனை அச்சமும் அன்று. 1996 ஜூன் 4 இல் ஐரோப்பாவின் ஏரியான் 5 ஏவுகலம் புறப்பட்டு 40 வினாடி அளவில் வெடித்துச் சிதறியது. ஏரியான் 4 இல் குறையின்றி வேலை செய்த நிரலை அப்படியே எடுத்து வைத்திருந்தனர். புதிய கலத்தின் வேகம் மிகுதி. அந்த அளவு 16 துவித இலக்க எண்ணில் அடங்கவில்லை. மொழி சி அன்று, ஏடா. ஆனால் இரவலின் இயல்பு ஒன்றே. 1999 இல் செவ்வாயை அடைந்த அமெரிக்க விண்கலம் ஒன்று தொலைந்ததற்கும், ஒரு நிரல் இறாத்தல் கணக்கிலும் மற்றது மெட்ரிக் கணக்கிலும் பேசியமையே காரணம். அங்குலத்தில் எழுதிய தோட்டத்து ஏட்டையும் மில்லிமீற்றரில் எழுதும் பொறியையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இத்தகைய பிழையைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை என்பது ஓர் ஆறுதல். புனலின் வாய் 200 சதுர சென்ரிமீற்றராயின் ஒரு தட்டுக்கு 4 மில்லிலீற்றர் நீர் போதும். 330 மில்லிமீற்றர் மழைக்கு 6.6 லீற்றர். பொறியை மலைக்கு அனுப்புமுன், ஒரு வாளித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக, பொறுமையாக ஊற்றிக்கொண்டிருந்து, 1,639 ஆவது தட்டு கவிழும்போது மறுமுனையில் என்ன எண் எழுதப்படுகிறது என்று பார்க்கவேண்டும்.