விறகுக்கு வந்த மரம்

சோப்பு ஊற்ற ஒரு மரப்பெட்டி வேண்டியிருந்தது. முதல் தடவை வீட்டிலிருந்த அலுமினியத் தட்டில் ஊற்றினேன். காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்னும் என்பது, தட்டு கறுத்து நுரைத்தபோதுதான் உறைத்தது. மரத்தில் அந்தத் தொல்லை இல்லை. எண்ணெயும் காஸ்டிக்கும் சேரும்போது எழும் சூட்டை மரம் சட்டென்று விட்டுவிடாது. சோப்பு சீராக இறுகும். உள்ளே பட்டர் பேப்பர் விரித்துவிட்டால் மரத்தின் சாயமும் ஏறாது.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற வழியெல்லாம் சீமைக்கருவேலம்தானே, அதிலேயே பலகை எடுத்துவிடலாம் என்று தச்சுப்பட்டறைக்குப் போனேன். அண்ணாச்சி சிரித்தார். "தம்பி, அது மூட்டத்துக்குப் போற மரம். பலகைக்கு வேம்பு கொண்டா."

அவர் சொன்னது சரிதான். ஏன் சரி என்று தேடப்போனால் கதை 1876-க்குப் போகிறது.

காமராசர் காலத்தில் விமானத்திலிருந்து விதை தூவியதாக எங்க ஊர்ப்பக்கம் சொல்வார்கள். ஆனால் மரம் அதற்கு வெகுகாலம் முன்பே தென்னிந்தியாவுக்கு வந்துவிட்டது. சென்னை மாகாண வனத்துறையில் உயர் பொறுப்பில் இருந்த கர்னல் பெட்டோம், வறண்ட நிலத்தில் விறகுக்கு வளர்க்க இதன் விதையை 1876-இல் கேட்டு எழுதினார். ஜமைக்காவிலிருந்து வந்த விதை 1877-இல் கடப்பைப் பக்கம் விதைக்கப்பட்டது. தாது வருசப் பஞ்சம் வாட்டிக்கொண்டிருந்த நேரம் அது.

விறகு கேட்டார்கள், விறகு கிடைத்தது. பிற்பாடு மழை பொய்த்த வருசங்களில் எங்க சனங்களுக்குக் கரிமூட்டம்தான் கஞ்சி ஊற்றியது. ஆனால் மூட்டத்துக்கு மரம் முற்ற வேண்டியதில்லை. சில வருசத்திலேயே வெட்டுகிறோம், தூரிலிருந்து மறுபடி கிளைக்கிறது, மறுபடி வெட்டுகிறோம். வெட்ட வெட்டப் புதராகிறது. புதரில் பலகை ஏது?

இதன் பங்காளி மெஸ்கீட். அமெரிக்காவின் டெக்சாஸில் அதில் நாற்காலி, மேசை, தரைப்பலகை எல்லாம் செய்கிறார்கள். காயும்போது தேக்கைவிடக் குறைவாகச் சுருங்குகிற மரம். ஈரமும் சூடும் மாறி மாறிப் படுகிற சோப்புப் பெட்டிக்கு அந்தக் குணம்தான் முக்கியம்.

2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, பல மாவட்டங்களில் சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னது. கண்மாயை அடைத்து நிற்கும் புதரை எடுக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் 'ஒண்ணுக்கும் உதவாத மரம்' என்கிற வசவுதான் இடிக்கிறது. விறகாக மட்டுமே பார்த்தோம். மரமாக ஒருநாளும் விடவில்லை.

வேப்பம்பலகையில்தான் பெட்டி செய்து வாங்கினேன். வீட்டுக்குப் பின்னால் நிற்கும் ஒரு கருவையை மட்டும், பக்கக் கிளைகளைக் கழித்து ஒரே தண்டாக விட்டிருக்கிறேன். அண்ணாச்சி வந்து பார்த்தார். அடிமரத்தைக் கையால் சுற்றிப் பிடித்தார்.

"பேரன் காலத்துச் சோப்புக்கா தம்பி?"

"ஆமா அண்ணாச்சி."