மலையே மதிலாக: செஞ்சிக் கோட்டையின் கட்டட நெறி

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் உள்ள செஞ்சியில், கருங்கற்பாறைகள் குவிந்த ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகள் முக்கோணமாக நிற்கின்றன. இவற்றின் கிடப்பே கோட்டையின் அமைப்பை முதலில் வகுத்தது. ஒவ்வொரு குன்றும் தனி அரணாக்கப்பட்டு, மூன்றையும் இணைத்துச் சமவெளியில் எழுப்பப்பட்ட மதில் சுமார் 13 கிலோமீட்டர் சுற்றளவு கொண்டது. செங்குத்துப் பாறை நின்ற இடத்தில் அதுவே மதிலாகக் கொள்ளப்பட்டது. பாறைகளுக்கு இடைப்பட்ட வெளிகளே கல்லால் அடைக்கப்பட்டன. சுமார் 240 மீட்டர் உயரமுள்ள ராஜகிரியின் உச்சிக்குச் செல்லும் வழியில், 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் கொண்ட பாறைப் பிளவின் மீது மரப்பாலம் மட்டுமே இடப்பட்டிருந்தமையால், அதை அகற்றியவுடன் உச்சிக் கோட்டை கீழுள்ள பகுதியிலிருந்து துண்டிக்கப்பட்டுவிடும்.

கி.பி. 1200-ஐ ஒட்டி ஆனந்தக் கோன் இங்கு முதல் அரணை எழுப்பியதாக மரபு கூறுகிறது. எனினும் சிறிய அரணைத் தலைநகராக வளர்த்தவர்கள், விஜயநகரப் பேரரசின் சார்பாளர்களாகத் தொடங்கிப் பின்னர் தனித்தாண்ட செஞ்சி நாயக்கர்களே ஆவர். ஒரு நகரமே முற்றுகையில் சிக்கக்கூடும் என்பதைக் கருதிய கட்டட நெறியில், நீரும் நெல்லும் மதிலுக்கு இணையான இடம் பெற்றன.

வடகிழக்குப் பருவமழையை நம்பிய இவ்வறண்ட நிலத்தில், ராஜகிரியின் வற்றாத சுனைகளோடு மழைநீரைத் தேக்கும் குளங்களும் சேர்ந்து கோட்டைக்கு நீர் அளித்தன. அடிவாரத்தில் உள்ள களஞ்சியங்கள், தடித்த சுவர்களும் வளைவாகக் கட்டிய கூரைகளும் கொண்டவை. மரத்தூலம் இல்லாமையால் தீயும் கறையானும் அவற்றின் கூரையைத் தின்ன வழியில்லை. அருகிலுள்ள கல்யாண மகாலின் நோக்கமோ வேறு. முற்றத்தைச் சூழ்ந்த அறைவரிசையின் நடுவே பல அடுக்குகளாக உயர்ந்து கூம்பு வடிவக் கூரையில் முடியும் இக்கோபுரத்தில், ஒவ்வொரு தளமும் வளைவுகளோடு திறந்திருப்பதால் காற்று தடையின்றி ஊடாடுகிறது. மதிலுக்கு வெளியே இருந்த நீர்த்தேக்கத்திலிருந்து சுடுமண் குழாய்கள் வழியே மேல்தளங்களுக்கும் நீர் கொண்டுவரப்பட்டது. களஞ்சியத்தின் இறுக்கமும் மகாலின் திறப்பும் அவ்வவற்றின் பயன் கேட்ட வடிவங்களே.

17-ஆம் நூற்றாண்டின் நடுவில் பீஜப்பூர் சுல்தானியரும், 1677-இல் சிவாஜியும் கோட்டையைக் கைப்பற்றினர். வந்தவர்கள் பழையதை இடித்துப் புதிதாகத் தொடங்காமல், பீரங்கிப் போருக்கு ஏற்ப மதில்களையும் அகழிகளையும் வலுப்படுத்தினர். அதன் பயன் அடுத்த தலைமுறைக்குள் விளங்கியது. 1690-இல் தொடங்கிய மொகலாய முற்றுகை 1698-இல்தான் வெற்றி பெற்றது. அதற்குள், கோட்டையில் தங்கியிருந்த மராட்டிய மன்னர் ராஜாராம் தப்பிச் சென்றுவிட்டார்.

ஆயினும் அரணாகச் சிறந்த இடம் வாழிடமாகவும் சிறந்திருக்கவில்லை. 1750-இல் புஸ்ஸி தலைமையில் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர், ஒரே காலத்தில் 100 ஐரோப்பிய வீரர்களுக்கு மேல் இங்கு நிறுத்தாதபோதும், அடுத்த பத்தாண்டுகளில் 1,200 பேரை இழந்தனர் என்றும், கர்நாட்டிக் பகுதியிலேயே உடல்நலத்துக்கு மிகக் கேடான இடமாகச் செஞ்சி கருதப்பட்டது என்றும் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் பதிவு செய்துள்ளார். 1761-இல் ஆங்கிலேயர் கைக்கு மாறிய பின், ஆட்சியும் வணிகமும் கடற்கரை நகரங்களில் நிலைபெற்றதால், கோட்டைக்கு இருந்த தேவையே மறைந்தது.

ஆகவே, செஞ்சி கைவிடப்பட்டது கட்டடக் குறையால் அன்று. அது எந்த நோக்கத்துக்காக எழுப்பப்பட்டதோ அந்நோக்கம் காலாவதியானதால்தான். 1921-இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட இக்கோட்டை, 2025-இல் மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள் என்னும் தொகுதியின் 12 கோட்டைகளுள் ஒன்றாக, தமிழ்நாட்டிலிருந்து அத்தொகுதியில் இடம்பெறும் ஒரே கோட்டையாக, யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டது.