பட்டாவில் இல்லாத பெயர்

புல்வெளியைப் பொன்விளையும் பூமியாக்கினான். ஆளற்ற வெளியில் ஊர் எழுப்பினான். அவன் கைபட்ட இடமெல்லாம் கழனியாயிற்று! அமெரிக்க வரலாறு இப்படித்தான் முன்னோடி உழவனைப் போற்றுகிறது. போற்றட்டும்; உழைத்தவனைப் புகழ்வது குற்றமல்ல. ஆனால், அவன் ஏர் பிடித்தபோது அருகில் நின்றவள் எங்கே? அவள் இழந்தவை எந்த ஏட்டில் எழுதப்பட்டன?

இக் கேள்விக்கு விடை காண, ஒரு தாயின் வாழ்வைப் புரட்டிப் பார்ப்போம். கரோலின் இங்கல்ஸ் என்பது அந்த அன்னையின் பெயர். 1839-ஆம் ஆண்டு, விஸ்கான்சின் பகுதியில் பிறந்தவள். ஏரியில் மூழ்கிய கப்பலோடு தந்தையைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தவள். வறுமை வாட்டியபோதும் கல்வியைக் கைவிடாதவள். கற்றதைக் கற்பித்த பள்ளி ஆசிரியை. 1860-இல் சார்லஸ் இங்கல்ஸ் என்ற உழவனை மணந்தாள். பள்ளி மறைந்தது, பயணம் தொடங்கிற்று!

1862-இல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட குடியேற்ற நிலச் சட்டம், 160 ஏக்கர் தருவதாக அழைத்தது. ஐந்தாண்டு குடியிருந்து பயிர் செய்தால் நிலம் சொந்தம். யாருக்கு? 21 வயது நிரம்பியவருக்கு, அல்லது குடும்பத் தலைவருக்கு. மணமாகாத பெண்ணும் மனுப் போடலாம், கைம்பெண்ணும் போடலாம். கணவனோடு வாழும் மனைவி மட்டும் போட முடியாது! தனித்து நின்றால் அவளைக் குடிமகளாகக் கண்ட சட்டம், மணமோதிரம் அணிந்ததும் கணவனின் நிழலாகக் கண்டது. உழைப்பில் பங்குண்டு, உரிமையில் பங்கில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1869-இல் அக் குடும்பம் கான்சாசில் குடிசை கட்டிய இடம், ஓசேஜ் பழங்குடி மக்களின் மண். 1871-இல் இங்கல்ஸ் குடும்பம் அங்கிருந்து திரும்பியது. ஓசேஜ் மக்களோ தெற்கே பெயர்த்து அனுப்பப்பட்டனர். வந்தேறிய தாயின் துயரைப் பேசும் நாம், வாழ்ந்த மண்ணை இழந்த தாய்மாரின் துயரை மறந்தால் அது வரலாறாகாது.

1874-இல் மின்னசோட்டா மாநிலம், வால்நட் குரோவ். ஓடைக்கரையைக் குடைந்த மண்வீட்டில் வாழ்க்கை. மறு ஆண்டு கோதுமை விளைந்தது. கூடவே வெட்டுக்கிளிக் கூட்டமும் வந்தது! வயல் மொட்டையாயிற்று. கூலி தேடிக் கணவன் கால்நடையாகக் கிழக்கே போனான். குழந்தைகளோடு தனித்திருந்து குடும்பத்தைக் காத்தாள் கரோலின். அந்த ஆண்டு நவம்பர் முதல் நாள் ஆண் குழந்தை பிறந்தது. பிரெடரிக் என்று பெயரிட்டனர். பூச்சிகள் இட்டுச் சென்ற முட்டைகள் 1876-இல் மீண்டும் படையெடுத்தன. நிலத்தை விற்றுவிட்டுப் புறப்பட்டது குடும்பம். அவ் வழியில், 1876 ஆகஸ்டு 27-இல், பத்துத் திங்கள் நிரம்பாத அக் குழந்தை இறந்தது. அழுது தீர்க்கவும் நேரமில்லை. அயோவா மாநிலத்து பர் ஓக் என்னும் சிற்றூரில், விடுதியொன்றில் பிறருக்குச் சமைத்துப் போடும் வேலை காத்திருந்தது!

ஆட்சி என்ன செய்தது? மின்னசோட்டா ஆளுநர் ஜான் பில்ஸ்பரி, உதவி கொடுத்தால் உழவர்கள் சோம்பேறிகளாகிவிடுவர் என்று அஞ்சியவர். 1877 ஏப்ரல் 26-ஆம் நாளை, வெட்டுக்கிளி ஒழிய வேண்டி வழிபாட்டு நாளாக அறிவித்தார். அக் கோடையில் பூச்சிகள் அகன்றன. வேண்டுதல் பலித்தது என்றனர். பின்னர் அந்தப் பூச்சியினமே அற்றுப்போயிற்று. 1902-க்குப் பின் உயிருடன் ஒன்றும் கிடைக்கவில்லை. அவை முட்டையிட்ட மலைப் பள்ளத்தாக்குகளில் ஏரும் பாசனமும் புகுந்ததே காரணம் என்பது ஆய்வாளர் கருத்து. பசித்த குழந்தைக்குப் பால் தராத ஆட்சி, பரலோகத்துக்கு மனுப் போட்டதால் எந்தத் தாயின் கண்ணீர் நின்றது?

1879-இல் மூத்த மகள் மேரி, பதினான்கு வயதில் நோயுற்றுப் பார்வையிழந்தாள். விதி என்று பலர் கூறியிருப்பர். மூளையைத் தாக்கிய நச்சுயிரிக் காய்ச்சலாக இருக்கலாம் என்கிறது 2013-இல் வெளிவந்த மருத்துவ ஆய்வு. ஆனால் இங்கே ஓர் ஒளிக்கீற்று உண்டு. டகோட்டா ஆட்சி கல்விச் செலவை ஏற்க, மேரி 1881-இல் அயோவாவின் பார்வையற்றோர் கல்லூரியில் சேர்ந்து, 1889-இல் படிப்பை முடித்தாள். வழிபாடு தராததைப் பொதுப்பணம் தந்தது!

அதற்கு முந்திய குளிர்காலம், 1880-81, கொடுமையிலும் கொடுமை. பனிப்புயலால் டி ஸ்மெட் ஊருக்கு இரயில் நின்றது. வைக்கோலை முறுக்கி எரித்து, காப்பிக்கொட்டை அரைக்கும் கைப்பொறியில் கோதுமையை அரைத்து, மக்களின் உயிரைப் பிடித்து வைத்தாள் அந்த அன்னை.

1886-இல் டகோட்டா நிலம் சொந்தமாயிற்று. பட்டாவில் இருந்த பெயர் சார்லஸ் இங்கல்ஸ்! தெற்கு டகோட்டா 1918-இல் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கியபோது கரோலினுக்கு வயது 78. 1924-இல் மறைந்தாள்.

மகள் லாரா இங்கல்ஸ் வைல்டர், 1932 முதல் எழுதி வெளியிட்ட புதினங்களால் அக் குடும்பம் உலகப் புகழ் பெற்றது. அப் புதினங்களில் இறந்துபோன தம்பிக்கு இடமில்லை; விடுதியில் உழைத்த நாட்களுக்கும் இடமில்லை. அவர் முன்பே எழுதி வைத்திருந்த தன்வரலாறு 2014-இல் அச்சேறியபோதுதான், அச் சாவு அவர் சொல்லிலேயே பலருக்குத் தெரிந்தது.

பட்டாவில் பெயரில்லை; புகழ்பெற்ற கதையில் புதல்வனில்லை. அவள் பொறுமையைப் புகழ்ந்து பாடுவோர் பலர். பொறுமைக்குப் பாமாலை சூட்டுவது எளிது. பொறுத்தவளுக்கு உரிமை வழங்குவதுதான் கடினம். உழைப்பவள் பெயர் உரிமைச் சீட்டிலும் இருக்கவேண்டும் என்று கேட்பதே, அந்தத் தாய்க்கு நாம் செலுத்தும் நேர்மையான நன்றி!