மாடிப் பாட்டியின் பேரன்

அந்த வீட்டில் இரண்டு பாட்டிகள் இருந்தார்கள். கீழே அடுப்படியில் ஓயாமல் வேலை செய்துகொண்டிருந்தவர் ஒருவர். மாடியறையில் படுக்கையோடு இருந்தவர் மற்றவர். அவர் 94 வயது நிரம்பிய கொள்ளுப்பாட்டி. நாற்காலியில் அமர்த்தினால் சரிந்து விழுந்துவிடுவார் என்பதற்காக அவரை நாற்காலியோடு சேர்த்துக் கட்டி வைப்பார்கள். ஞாயிறுதோறும் வீட்டுக்கு வரும் நான்கு வயதுப் பேரன் இதைக் கண்டான். தன்னையும் அப்படியே ஒரு நாற்காலியில் கட்டும்படி கேட்டான். அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில், கட்டப்பட்ட மூதாட்டியும் கட்டப்பட்ட சிறுவனும் ஒன்றாய் அமர்ந்து, மிட்டாய் தின்றபடி பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சிறுவனே பின்னாளில் அமெரிக்கக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாக அறிந்து நேசித்த ஓவியர் டாமி டிபவோலா. 1934ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் கனெக்டிகட் மாநிலத்தின் மெரிடன் நகரில் பிறந்தவர். தந்தை இத்தாலிய வழியினர். முடிதிருத்தும் தொழில் செய்தவர். தாய் ஐரிஷ் வழியினர். இரு மரபுகளும் கத்தோலிக்க விசுவாசத்தில் ஊறியவை. திருநாட்களும் உறவினர் கூட்டமும் கதை சொல்லுதலும் நிறைந்தவை. அந்த வீட்டை விட்டு எத்தனை தூரம் சென்றாலும், அவருடைய தூரிகை அங்கேயே திரும்பித் திரும்பி வந்தது.

ஒரு நாள் காலையில் மாடிப் பாட்டி இறந்துவிட்டார். சிறுவன் ஓடிப்போய்ப் பார்த்தபோது படுக்கை வெறுமையாய்க் கிடந்தது. இந்த நினைவை டிபவோலா 1973இல் ஒரு சிறு படநூலாக்கினார். 'மேல்மாடிப் பாட்டியும் கீழ்வீட்டுப் பாட்டியும்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். பாட்டி தூங்குகிறார் என்றோ, வெளியூர் போயிருக்கிறார் என்றோ அந்த நூலில் எவரும் சிறுவனை ஏமாற்றுவதில்லை. இனி அவர் நினைவில் மட்டுமே வருவார் என்று தாய் சொல்கிறாள்; சிறுவன் அழுகிறான். பின்னொரு இரவில் வானத்திலிருந்து விழும் விண்மீன் ஒன்றைக் காணும்போது, அது மாடிப் பாட்டி அனுப்பிய முத்தமாக இருக்கலாம் என்று தாய் தேற்றுகிறாள். அவ்வளவுதான் கதை.

சாவைக் குறித்துச் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு எழுதலாமா என்று தயங்குவோர் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. சாவு வீட்டிலிருந்து பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவதே அன்பு என்று எண்ணும் நாமும் அவர்களுள் சிலரே. ஆனால் நாம் மறைத்தாலும் பிள்ளையின் கண் வெறும் படுக்கையைப் பார்த்துவிடுகிறது. பார்த்ததற்கு ஒரு சொல்லும், அழுவதற்கு ஒரு மடியும் கிடைக்காதபோதுதான் துயரம் அச்சமாக மாறுகிறது. டிபவோலா இதைத் தம் அனுபவத்திலிருந்தே அறிந்திருந்தார். 1981இல் வெளிவந்த மற்றொரு நூலில், பக்கவாதத்தால் நடையும் பேச்சும் இழந்த தாத்தாவுக்கு அவருடைய பேரனே மீண்டும் நடை பழக்குகிறான். அவனுக்கு நடக்கக் கற்றுக்கொடுத்தவர் அந்தத் தாத்தாதான். முதுமையைப் பார்த்து ஒதுங்காமல், அதன் கையைப் பற்றிக்கொள்ளும் பிள்ளைகளையே அவர் வரைந்தார்.

நான்கு வயதிலேயே ஓவியராக வேண்டும் என்று அவர் தீர்மானித்துவிட்டாராம். கலைக்கல்லூரியில் பயின்றுவந்த உறவினரான இரட்டைச் சகோதரியர் அவருக்கு இரண்டு அறிவுரைகள் தந்தனர்: இடைவிடாது பயிற்சி செய், பிறர் வரைந்ததைப் பார்த்து வரையாதே. பள்ளியிலோ ஓவிய ஆசிரியை தாம் கரும்பலகையில் வரைவதை அப்படியே வரையச் சொன்னார். பிறந்தநாள் பரிசாகக் கிடைத்த 64 வண்ணக் கிரேயான்களை வைத்திருந்த சிறுவன், மறுத்துக் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். இறுதியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. மற்றவர்களைப் போல் ஒரு படம். அதன்பின் தன் விருப்பம்போல் இன்னொரு படம். 1989இல் இதை நூலாக்கியபோது அவர் ஆசிரியையைக் கேலி செய்யவில்லை. கீழ்ப்படிதலும் சுதந்திரமும் ஒரே தாளில் இடம்பெற முடியாவிட்டாலும், ஒரே வகுப்பில் இடம்பெறலாம் என்பதைப் புன்னகையோடு காட்டினார்.

1955இல் மெய்ன் மாநிலத்தின் ஸ்கௌஹீகன் ஓவியப் பள்ளியில் பென் ஷான் என்னும் பெரும் ஓவியரிடம் பயின்றார். 1956இல் நியூயார்க் நகரின் பிராட் கல்லூரியில் பட்டம் பெற்றார். தொழிலுக்கான கதவு திறந்திருந்த அந்த வேளையில் அவர் வேறொரு கதவைத் தட்டினார். வெர்மான்ட் மாநிலத்தின் வெஸ்டன் என்னும் சிற்றூரில், புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவியரின் மடம் ஒன்று உண்டு. அங்கே துறவியாக வாழச் சென்றார். ஏறத்தாழ ஆறு மாதங்களே தங்கினார். பின்னர் வெளியே வந்துவிட்டார்.

மடத்தை விட்டு வந்தவர் என்னும் சொல் நம் பங்குகளில் எப்படி ஒலிக்கும் என்பதை வாசகர்கள் அறிவார்கள். குருமடத்திலிருந்தோ கன்னியர் மடத்திலிருந்தோ பெட்டியோடு திரும்பிய பிள்ளையை ஊரார் பார்க்கும் பார்வை ஒன்று உண்டு. ஏதோ முறிந்துவிட்டது என்று சொல்லும் பார்வை அது. டிபவோலாவின் பிற்கால வாழ்வு அந்தப் பார்வைக்கு ஒரு பதிலாக அமைகிறது.

வெளியே வந்தவர் நியூ இங்கிலாந்துப் பகுதியின் கோவில்களிலும் துறவு இல்லங்களிலும் சுவரோவியங்கள் தீட்டினார். கல்லூரிகளில் கலை கற்பித்தார். ஜியோத்தோ, தொமினிக்கன் துறவியான ஃபிரா ஆஞ்சலிக்கோ ஆகிய பழைய இத்தாலிய ஓவியர்கள் அவர் மனத்தை ஆண்டார்கள். தெளிவான கோடு, அமைதியான முகங்கள், மண்ணின் நிறங்கள், கோவில் வளைவுகளைப் போன்ற சட்டங்கள், ஓரத்தில் ஒரு வெண்புறா: சுவரில் தீட்டியதன் சாயல் சிறு நூலின் பக்கத்திலும் படிந்தது. 1965இல் பிறர் எழுதிய நூலொன்றுக்கு முதன்முதலாகப் படம் வரைந்தார். மறு ஆண்டு தாமே எழுதி வரைந்த முதல் நூல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 32. புகழ் வர இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன.

1975இல் 'ஸ்ட்ரேகா நோனா' வந்தது. கல்லூரி ஆசிரியர் கூட்டமொன்றில் அமர்ந்து தாளில் கிறுக்கிக்கொண்டிருந்தபோது பிறந்த உருவம் அது: நீண்ட மூக்கும் முக்காடும் கொண்ட ஒரு மந்திரப் பாட்டி. இத்தாலியின் கலாப்ரியா நாட்டுப்புறத்தில் வாழும் அவளிடம், ஊர்ப் பங்குத்தந்தையும் கன்னியரும்கூட வைத்தியத்துக்கு வருகிறார்கள்! சொல்பேச்சுக் கேளாத வேலையாள் அவளுடைய மந்திரப் பானையைப் பொங்கவிட்டு, ஊரையே பாஸ்தாவில் மூழ்கடிக்கிறான். ஊரார் அவனைத் தூக்கிலிட வேண்டுமென்கிறார்கள். பாட்டியோ, செய்த குற்றத்துக்கு ஏற்ற தண்டனையே தகும் என்று சொல்லி, அவனையே அத்தனையையும் தின்னச் செய்கிறாள். பழங்கால நாட்டுக்கதை என்றே பலரும் எண்ணும் அளவுக்கு அந்தப் பாட்டி மக்கள் மனத்தில் குடியேறினாள். 1976இல் அமெரிக்காவின் கால்டிகாட் விருதுக்குழு அதைச் சிறப்பு நூலாக மதித்தது.

ஆயினும் அவருடைய வாழ்வை விளங்கிக்கொள்ள உதவும் நூல் 1978இல் வந்த 'கடவுளின் கோமாளி' என்றே நான் கருதுகிறேன். அது பழைய பிரெஞ்சு மரபுக்கதை. அதை இத்தாலிய மண்ணுக்கு அவர் மாற்றிச் சொன்னார். ஜொவான்னி என்னும் அனாதைச் சிறுவன், அம்மானை ஆடுவதுபோல் பழங்களையும் பந்துகளையும் எறிந்து பிடிக்கும் வித்தையால் பிழைக்கிறான். வழியில் கண்ட பிரான்சிஸ்கன் சகோதரர் இருவர், அவனுடைய வித்தையும் இறைவனைப் புகழ்வதே என்கிறார்கள். அவன் சிரித்து விட்டுவிடுகிறான். முதுமையில் கை தவறுகிறது, கூட்டம் கல்லெறிகிறது. கிறிஸ்து பிறப்பு இரவில் ஒரு கோவிலில் ஒதுங்கியவன், எல்லாரும் தேவதாய்க்கும் குழந்தைக்கும் காணிக்கை கொண்டுவருவதைக் காண்கிறான். அவனிடம் ஒன்றுமில்லை. எல்லாரும் போனபின், சுருபத்தின் முன் நின்று தன் வாழ்நாளின் மிகச் சிறந்த ஆட்டத்தை ஆடி, அங்கேயே விழுந்து இறக்கிறான். கடுமையான முகத்தோடிருந்த குழந்தை இயேசுவின் சுருபம் இப்போது புன்னகைக்கிறது. அதன் கையில் அவனுடைய பொற்பந்து இருக்கிறது.

மடத்தில் நிலைக்காத மனிதர் இந்தக் கதையைத் தேர்ந்தது தற்செயலாகத் தோன்றவில்லை. ஜொவான்னி துறவியல்லன், அவன் கொண்டுவந்தது மெழுகுதிரியுமன்று. தன்னிடம் இருந்ததை, தன்னால் இயன்ற அளவு நன்றாகச் செய்தான். தாலந்து உவமை நம்மிடம் கேட்பதும் அதுவே. ஓர் ஓவியரின் அகவாழ்வைக் கணக்கிட நமக்கு உரிமை இல்லை; நம் கையில் இருப்பவை அவருடைய நூல்களே. குவாதலூப்பே அன்னை, அசிசியின் ஏழை பிரான்சிஸ், புனித பத்ரிக், ஆண்டவரின் உவமைகள் ஆகியவற்றை அவர் வரைந்த அதே அக்கறையோடுதான் பாஸ்தாப் பானையையும் பாட்டியின் நாற்காலியையும் வரைந்தார்.

260க்கும் மேற்பட்ட நூல்கள் அவர் கையால் உருவாயின. பிள்ளைப் பருவ நினைவுகளைச் சொல்லும் '26 ஃபேர்மவுண்ட் அவென்யூ' என்னும் நூல் 2000இல் நியூபெரி சிறப்பைப் பெற்றது. வாழ்நாள் பணிக்கான லாரா இங்கல்ஸ் வைல்டர் விருது 2011இல் கிடைத்தது. முதுமையிலும் நியூ ஹாம்ப்ஷயரில், பழைய தானியக் களஞ்சியம் ஒன்றையே ஓவியக்கூடமாக்கி வரைந்துவந்தார். அந்தக் கூடத்திலேயே தவறி விழுந்து, அறுவை சிகிச்சைக்குப் பின் 2020 மார்ச் 30ஆம் நாள், 85 வயதில் காலமானார். பெருந்தொற்றினால் உலகெங்கும் வீடுகள் அடைபட்டிருந்த நாட்கள் அவை. எத்தனையோ இல்லங்களில் பேரப்பிள்ளைகள் பாட்டிமாரின் முகத்தைக் கடைசியாகக் காணமுடியாமல் போன காலம்.

அத்தகைய காலத்துக்கென்றே அவர் முன்கூட்டி எழுதி வைத்ததுபோல் இருக்கிறது அந்த முதல் பாட்டிக் கதை. 1998இல், அது வெளிவந்து 25 ஆண்டுகள் ஆனபோது, அதன் படங்களை முழு வண்ணத்தில் மீண்டும் ஒருமுறை வரைந்தார். அறுபதைத் தாண்டிய மனிதர், நான்கு வயதில் தாம் கட்டப்பட்டு அமர்ந்த அந்த நாற்காலிக்குத் திரும்பிச் சென்றார். அங்கே கற்றதையே அவர் வாழ்நாளெல்லாம் செய்தார்: நகர இயலாதவரின் அருகில், தம்மையும் அவ்வாறே கட்டிக்கொண்டு அமர்தல். அதற்கு மடத்து அங்கி தேவைப்படவில்லை. ஆனால் அதுவும் ஓர் அழைத்தலே.