சாரதியின் முன்னே ஒரு முள்

மோட்டார் வண்டியில் ஏறி அமர்ந்தவுடன் சாரதியின் கண்ணெதிரே காணப்படும் பலகையை ஆங்கிலேயர் டாஷ்போர்ட் என அழைப்பர். இச்சொல் மோட்டார் வண்டியோடு பிறந்ததென்றே நேயர்கள் பலர் எண்ணியிருத்தல் கூடும். அஃது அவ்வாறன்று. குதிரைகள் வண்டி இழுத்த காலத்தில், அவற்றின் குளம்புகள் வாரி இறைக்கும் சேறும் கல்லும் வண்டியோட்டியின் மேல் தெறிக்காதவாறு முன்புறத்தில் ஒரு மரப்பலகையையோ தோல் தட்டியையோ நிறுத்தி வைத்தனர். அந்தச் சேற்றுத் தடுப்புக்கே அப்பெயர். குதிரை போய் யந்திரம் வந்த பின்னரும் பலகை போகவில்லை, பெயரும் போகவில்லை. சேற்றை மறைத்து நின்ற பலகை நாளடைவில் யந்திரத்தின் உள்நிலையைக் காட்டும் பலகையாயிற்று. அவ்வாறு ஆன கதையைத்தான் இன்று சொல்ல விரும்புகின்றேன். அதிலும், வண்டியைச் செய்தவர் வைத்த மானிகளைக் காட்டிலும், வண்டியை வாங்கியவர் தம் கைப்பணத்தைச் செலவிட்டுத் தாமே பொருத்திக்கொண்ட மானிகளைப் பற்றியே பெரிதும் பேசப் போகின்றேன்.

தொடக்க காலத்துச் சாரதிக்குக் காதும் மூக்கும் உள்ளங்காலுமே மானிகள். யந்திரம் தட்டும் ஓசை, எண்ணெய் கருகும் நாற்றம், காலடிப் பலகையின் நடுக்கம் ஆகியவற்றைக் கொண்டே அவன் தன் வண்டியின் நலத்தை அறிந்தான். ஆயினும் மானி செய்வதற்கு வேண்டிய நுட்பம் மோட்டார் வண்டி தோன்றுவதற்கு முன்னரே உலகில் இருந்தது. 1849ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டவராகிய இயூஜின் பூர்தோன் என்பவர், நீராவிக் கொதிகலன்களின் அமுக்கத்தை அளப்பதற்கு ஓர் எளிய கருவியை அமைத்து உரிமைப்பத்திரம் பெற்றார். தட்டையாக்கி வில்போல் வளைத்த ஓர் உலோகக் குழாய். அதன் ஒரு முனை மூடப்பட்டிருக்கும். மறு முனை வழியாக உள்ளே அமுக்கம் ஏறுங்கால் குழாய் சிறிது நிமிர முயலும். மூடிய முனையின் அந்தச் சிறு அசைவைப் பற்சக்கரம் ஒன்று பெருக்கி முள்ளைச் சுழற்றும். கோயில் திருவிழாக்களில் சிறுவர் வாங்கி ஊதும் சுருள் ஊதியைப் பார்த்திருப்பீர்கள். ஊதினால் நீளும், விட்டால் சுருளும். பூர்தோனின் குழாயும் ஏறக்குறைய அவ்வகையினதே. புகையிரத யந்திரங்களிற் பணி செய்த அக்குழாய், பின்னர் மோட்டார் வண்டியின் எண்ணெய் அமுக்கத்தையும் வெப்பத்தையும் காட்டும் மானிகளுக்கு உயிராக அமைந்தது.

வண்டிக்குள் முதன்முதலாகச் சிறப்புப் பெற்ற மானி வேகமானியே. 1902ஆம் ஆண்டில் ஜேர்மனியில் ஒற்றோ சூல்ட்சே என்பவர் அதற்கு உரிமைப்பத்திரம் பெற்றார். சுழலும் காந்தம் ஒன்று, தன்னைத் தொடாது அருகில் நிற்கும் அலுமினியக் கிண்ணத்தை மின்சுழிப்பினால் இழுக்க, மெல்லிய மயிர்ச்சுருள் ஒன்று அதனைப் பின்வாங்க, இவ்விரண்டின் இழுபறியிலே முள் நிலைகொள்கிறது. வேகமானி விரைந்து பரவியதற்குச் சட்டமும் ஒரு காரணமாகும். பிரித்தானியாவில் 1903ஆம் ஆண்டுச் சட்டம் மணிக்கு 20 மைல் என்னும் எல்லையை விதித்தது. எல்லை உண்டென்றால், அதனைத் தாண்டினோமா இல்லையா என்று அறியும் வழியும் வேண்டுமல்லவா?

ஆனால், வேகமானி சாரதியும் அரசாங்கமும் தம்முள் தீர்த்துக்கொள்ளும் விவகாரத்தையே சொல்லும். யந்திரத்தின் உள்ளே நடப்பதைச் சொல்வார் யார்? அதனைச் சொல்ல வண்டி செய்தவர்கள் அவ்வளவு அவசரம் காட்டவில்லை. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்யப்பட்ட போர்ட் மொடல் ரீ வண்டியைப் பாருங்கள். அதன் பெற்றோல் தாங்கி முன் ஆசனத்தின் அடியில் இருந்தது. எவ்வளவு மிஞ்சியிருக்கிறதென்று அறிய விரும்பினால் இறங்கி, ஆசன மெத்தையைத் தூக்கி, மூடியைத் திறந்து, ஒரு குச்சியை விட்டுப் பார்த்தல் வேண்டும். எண்ணெயை அறிவதற்கு வண்டியின் அடியிலே படுத்து இரண்டு சிறு குழாய்த் திறப்புகளைத் திருகிப் பார்த்தல் வேண்டும். பெற்றோல் தன் எடையினாலேயே கீழிறங்கி யந்திரத்தை அடைந்தமையால், தாங்கி வற்றிய வேளையில் செங்குத்தான ஏற்றம் வந்தால் வண்டியைத் திருப்பிப் பின்னோக்கி ஏற்றினர் என்பதும் உண்மையே. நீர் கொதித்தால் ஆவி எழும்பும், அப்பொழுது தெரிந்துகொள்ளலாம். மலிவு என்பதற்கு மக்கள் கொடுத்த விலைகளுள் இந்த அறியாமையும் ஒன்று.

இவ்விடத்திலேதான் வண்டி வாங்கியவர்கள் தாமே மானி தேடத் தொடங்கினர். 1910களில் அமெரிக்காவில் பொய்ஸ் மோட்டோமீற்றர் என்னும் வெப்பமானி விற்பனைக்கு வந்தது. வட்ட வடிவான ஓர் உலோகச் சட்டம், அதன் நடுவே செந்நிறத் திரவம் ஏறி இறங்கும் கண்ணாடிக் குழாய். ரேடியேற்றரின் மூடியில் துளையிட்டு இதனைப் பொருத்திவிட்டால், சாரதி தன் ஆசனத்தில் இருந்தவாறே கண்ணாடிக்கு வெளியே அந்தச் செங்கோட்டின் உயரத்தைக் காணலாம். வண்டியின் நெற்றியில் இட்ட திலகம் போல் அது விளங்கிற்று. அதனை வாங்கியவர்கள் பயனுக்காக வாங்கினரோ பகட்டுக்காக வாங்கினரோ என்று இன்று பிரித்துக் கூறுதல் அரிது. இரண்டுக்கும் என்றே தோன்றுகின்றது. அக்கருவியில் ஒரு நுட்பம் உண்டு. அதன் குமிழ் நீரிலே முழுகி நிற்பதில்லை. நீருக்கு மேலுள்ள ஆவியின் வெப்பத்தையே அது அளந்தது. 1920களின் பிற்பகுதியில் வெப்பமானி உள்ளே இடம்பெயர்ந்து முகப்புப் பலகையில் அமர்ந்தது. ரேடியேற்றர் மூடியும் பின்னர் வண்டியின் உடலுக்குள் மறைந்து போயிற்று.

முகப்புப் பலகையில் நான்கு ஐந்து முட்கள் வரிசையாக நின்ற காலம் நெடிது நீடிக்கவில்லை. 1930களில் அமெரிக்காவின் ஹட்சன் நிறுவனத்தார் எண்ணெய் அமுக்கமானியையும் அம்பியர்மானியையும் நீக்கி, அவற்றின் இடத்தில் சிவப்பு விளக்குகளை வைத்தனர். 1950களில் ஏனையோரும் அவ்வழியே சென்றனர். அமுக்கம் குறைந்தால் விளக்கு எரியும். மின்பிறப்பாக்கி ஓய்ந்தால் விளக்கு எரியும். மற்றப்படி சாரதி எதையும் அறியவேண்டுவதில்லை. மானியை விட விளக்கு மலிவானது என்பதும், சாதாரணச் சாரதி முள்ளைப் பார்ப்பதே இல்லை என்பதும் அவர்கள் கூறிய நியாயங்கள். இரண்டாவது நியாயத்தை நான் முற்றாக மறுக்கமாட்டேன். பார்க்கப்படாத முள் இருந்தும் இல்லாததே. சிவப்பு விளக்கோ தூங்குபவன் கண்ணையும் குத்தும். ஆயினும் யந்திரத்தை அறிந்தவர்கள் அவ்விளக்குகளுக்கு 'முட்டாள் விளக்கு' என்று பெயரிட்டு நகைத்தனர். விளக்கு எரியும்பொழுது கேடு வந்துவிட்டது என்று பொருள். முள் நகரும்பொழுது கேடு வருகின்றது என்று பொருள். மாதந்தோறும் மாணவனின் புள்ளிகளைக் கண்டுவரும் பெற்றோருக்கும், ஆண்டிறுதியில் மட்டும் சிவப்புக் கோட்டைக் காணும் பெற்றோருக்கும் உள்ள வேறுபாட்டை என்னைப் போன்ற பள்ளிக்கூடத்தார் நன்கறிவர்.

இந்த வேறுபாட்டை வேறெவரையும்விடக் கூர்ந்து உணர்ந்தவர்கள் கலிபோர்னியாவின் இளைஞர்கள். லொஸ் ஏஞ்சலீசுக்கு வடக்கேயுள்ள மியூறொக் போன்ற வற்றிய ஏரிப் படுக்கைகளில், பழைய போர்ட் வண்டிகளைத் தம் கையாலேயே திருத்தியமைத்து, முழு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பது அவர்கள் வழக்கம். 1937ஆம் ஆண்டில் அவர்களுடைய கழகங்கள் ஒன்றுகூடித் தெற்குக் கலிபோர்னியச் சங்கத்தை நிறுவின. தொழிற்சாலை வைத்த பலகையை அவர்கள் கழற்றி எறிந்தனர்; புதிய தகட்டில் துளைகளை வெட்டி, ஸ்டுவர்ட் வார்னர் போன்ற நிறுவனங்களின் மானிகளை வரிசையாகப் பதித்தனர். உலோகத்தின் உயிரெல்லையைத் தொட்டு ஓடும் வண்டிக்கு எண்ணெய் அமுக்கம் எங்கே நிற்கின்றது என்று தெரியாமல் ஓடுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றங்கரையில் நடப்பதற்கு ஒப்பாகும். மானியைத் தனியே வாங்கிப் பொருத்தும் பழக்கம் ஒரு தொழிலாகத் தழைத்ததில் இவ்விளைஞர்களின் பங்கு பெரிது. பிற்காலத்தில் 52 மில்லிமீற்றர் விட்டமுள்ள துளையே இம்மானிகளுக்குப் பொது அளவாயிற்று.

பொருத்தும் முறையையும் சிறிது கூறுதல் தகும். பழைய எண்ணெய் அமுக்கமானிக்கு யந்திரத்திலிருந்து மெல்லிய செப்புக் குழாய் ஒன்று பலகை வரை வரும்; அதனுள்ளே வருவது கொதிக்கும் எண்ணெயே. நடுக்கத்தினால் குழாய் வெடித்தால் எண்ணெய் சாரதியின் காலில் ஊற்றும். அறிவு வேண்டுபவன் ஆபத்தையும் அறைக்குள் அழைத்துவர வேண்டியிருந்தது. வெப்பமானியின் குமிழில் எளிதில் ஆவியாகும் திரவம் இருக்கும். நூல் போன்ற குழாயொன்று அதன் அமுக்கத்தைப் பூர்தோன் குழாய்க்குக் கொண்டுவரும். அந்நூற்குழாய் ஒருமுறை அறுந்தால் மானி செத்தது, ஒட்டவைத்துப் பயனில்லை. அம்பியர்மானியோ வண்டியின் மின்னோட்டத்தில் பெரும்பகுதியைத் தன்னூடே செலுத்துவது. தடித்த கம்பியும் இறுகிய திருகும் இல்லையேல் பலகைக்குப் பின்னே நெருப்பு மூளும். மின்பிறப்பாக்கிகள் வலிமை பெற்ற பின்னர், மெல்லிய கம்பியோடு அமையும் வோல்ற்றுமானி அதன் இடத்தைப் பற்றியது. எண்ணெய்க் குழாய்க்குப் பதிலாக, அமுக்கத்துக்கேற்பத் தடை மாறும் மின்னுணரி யந்திரத்தில் அமர்ந்தது.

இவையெல்லாம் நூலறிவு என்று நேயர்கள் எண்ணுதல் கூடும். என் தந்தையார் வைத்திருந்த மொறிஸ் மைனர் 1000 எனக்கு வந்து சேர்ந்தது. அதன் நடுவட்டத்தில் வேகமானியும் பெற்றோல் மானியும் உண்டு. எண்ணெய்க்கு விளக்கு உண்டு. வெப்பத்துக்கு ஒன்றுமே இல்லை. ஆசிரியப் பணியின் தொடக்கத்தில் ஒருநாள் பெலிகுல் ஓயாவைக் கடந்து ஹப்புத்தளை நோக்கி ஏறுகையில், பெரகலைக்கு அண்மையில் முன்மூடியின் இடுக்குகளினூடே ஆவி பீறிட்டது. நீர்க்குழாய் ஒன்று முதுமையினால் பிளந்து, நீர் எப்பொழுதோ ஒழுகிப் போயிருக்கின்றது. எண்ணெய் விளக்கு எரியவில்லை; அதற்கு அது தெரியாது. உருளைத்தலை வளைந்து, இடையிலிருந்த கஸ்கெட் எரிந்து போயிற்று. மூன்று மாதச் சம்பளம் அதனோடு போயிற்று.

பண்டாரவளையில் அதனைப் பழுது பார்த்த மெக்கானிக் ஐயா, மேல்நீர்க்குழாயை அறுத்து, இடையில் ஓர் இணைப்புத் துண்டைச் செருகி, வெப்பமானியின் குமிழை அதில் இறக்கினார். பலகையைத் துளையிட எனக்கு மனம் வரவில்லை. ஆதலால் கீழ்த்தட்டின் விளிம்பில் ஒரு தகட்டுக் கொளுவியில் மானியைத் தொங்கவிட்டார். பின்னர் அவர் கூறியதை நான் மறக்கவில்லை. "சேர், தண்ணி முழுக்கப் போயிட்டா இந்த முள்ளும் பொய் சொல்லும். குமிழ் தண்ணியில நின்டாத்தான் அதுக்குச் சூடு தெரியும். முள் திடீரென்று கீழ இறங்கினாலும் வண்டிய நிப்பாட்டுங்க." மானியை நம்பச் சொல்லித் தருபவர் பலர், எப்பொழுது நம்பக்கூடாது என்று சொல்லித் தந்தவர் அவர் ஒருவரே. ஏறக்குறைய 1,400 மீற்றர் உயரத்திலுள்ள ஹப்புத்தளையில், திறந்த பாத்திரத்து நீர் 100 பாகைக்குப் பதிலாக 95 பாகையிலேயே கொதித்துவிடும் என்பதையும், ரேடியேற்றரின் அமுக்க மூடி பழுதானால் மலையிலே அது இரட்டைக் கேடு என்பதையும் அதன்பின்தான் ஒழுங்காக எண்ணிப் பார்த்தேன். அதற்கு முன் வகுப்பிலே பலமுறை கற்பித்தும் இருக்கின்றேன்!

இன்று நம் தெருக்களில் ஓடும் ஜப்பானியச் சிறு கார்கள் பலவற்றில் மீண்டும் வெப்பமானி இல்லை. யந்திரம் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு; மிஞ்சிச் சூடேறினால் சிவப்பு விளக்கு. மானி உள்ள வண்டிகள் சிலவற்றிலும், சாரதி வீணே கலங்காதிருக்கும் பொருட்டு, வெப்பம் பல பாகை கூடிக் குறைந்தாலும் முள் நடுவிலேயே அசையாது நிற்குமாறு அமைத்திருக்கின்றனர். நம் நன்மைக்காகச் செய்ததே என்பர். எனினும் என் யந்திரத்தின் நிலையை என்னிடமிருந்து மறைக்கும் நன்மையை நான் வேண்டுவதில்லை. ஐக்கிய அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு வண்டிகளிலிருந்து கட்டாயமாக்கப்பட்ட பரிசோதனைச் செருகுவாய், இன்று பெரும்பாலான நாடுகளின் வண்டிகளில் சுக்கானுக்குக் கீழே ஒளிந்திருக்கின்றது. துளையும் வேண்டாம், குழாயும் வேண்டாம். சிறு கருவியொன்றை அதிற் செருகினால் நீரின் வெப்பத்தை எண்ணாகவே காட்டும்.

சென்ற ஆண்டு என் மகளின் காருக்கு அத்தகைய கருவி ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். "அப்பா, சிவப்பு விளக்கு இருக்கிறதே, இது எதற்கு?" என்று அவள் சிரித்தாள். பின்னர் ஒரு விடுமுறையில் இருவருமாக அதே பெரகலை ஏற்றத்தில் ஏறினோம். 88, 91, 94 என்று எண் ஏறிக்கொண்டே வந்தது. 97இல் விசிறி சுழலும் ஓசை கேட்டது. எண் மெல்ல இறங்கலாயிற்று. அவ்வளவு நேரமும் பலகையில் ஒரு விளக்கும் எரியவில்லை. மகள் வேகத்தைச் சிறிது குறைத்து, கியரை ஒருபடி இறக்கினாள்.