கிழிந்த பத்து பவுண்டு நோட்டு

2004-ம் ஆண்டு. லண்டன், நாட்டிங் ஹில் கார்னிவல். திருவிழாக் கூட்டத்துக்குள் திடீரென்று பத்து பவுண்டு நோட்டுகள் வந்து விழுந்தன! பாய்ந்து பொறுக்கியவர்கள் உற்றுப் பார்த்தால்... மகாராணி இருக்கவேண்டிய இடத்தில் டயானா. 'பேங்க் ஆஃப் இங்கிலாந்து' என்பதற்குப் பதில் 'பேங்ஸி ஆஃப் இங்கிலாந்து'!

பேங்ஸி, பிரிஸ்டல் நகரத்துச் சுவர்களில் ஸ்டென்சில் அட்டையை வைத்து, சரசரவென்று ஸ்பிரே அடித்துவிட்டு ஓடிப்போகிற ஆசாமி. அனுமதியில்லாமல் சுவரில் வரைவது குற்றமாச்சே, அதனால் முகத்தைக் காட்டவில்லை. உலகப் புகழ் வந்த பிறகும் காட்டவில்லை!

சுவர் ஓவியம் எல்லோருக்கும் சொந்தம். ஆனால், பிடித்துப்போனால் வீட்டுக்கு எடுத்துப் போக முடியாதே? அதற்குத்தான் பிரின்ட். நம்மூரில் கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பார்களே, அதே ஸ்கிரீன் பிரின்டிங்! 2002-ல் லண்டன் சுவரில் வரைந்த 'பலூன் சிறுமி'யை அடுத்த சில வருடங்களில் அச்சிட்டார்கள். கையெழுத்துப் போட்டது 150, போடாதது 600. 'லிமிடெட் எடிஷன்' என்றால் அதுதான் - இதற்கு மேல் அடிக்க மாட்டோம் என்கிற சத்தியம். ஆரம்பத்தில் இந்த மாதிரி பிரின்ட்கள் சில பத்து பவுண்டுகளுக்கே கிடைத்தன. சாதாரண ஜனங்கள் வாங்கி மாட்டட்டும் என்பதுதான் எண்ணம்.

ஜனங்கள் மாட்டினார்களா? பலர் விற்றார்கள்! கையெழுத்துப் போட்ட பலூன் சிறுமி ஏலத்தில் லட்சம் பவுண்டைத் தாண்டிப் போனாள். ஏலத்தில் போட்டி போடுகிறவர்களை முட்டாள்கள் என்று திட்டி பேங்ஸி ஒரு பிரின்ட் போட்டார். அதையும் ஏலத்தில் எடுத்தார்கள்!

விலை ஏறினால் போலி வராமல் இருக்குமா? மை, காகிதம், ஸ்கிரீன் - எல்லாம் கடையில் கிடைப்பவை. ஆசை ஆசையாகச் சேமித்து வாங்கியவர், தன் வீட்டில் தொங்குவது நிஜமா என்று யாரைப் போய்க் கேட்பார்? ஓவியர்தான் தலைமறைவாச்சே!

அதற்காக 2008-ல் 'பெஸ்ட் கன்ட்ரோல்' என்று ஓர் அலுவலகம் வந்தது. ஆமாம், எலி, கரப்பான் பூச்சி ஒழிப்பவர்களின் பெயரேதான்! அங்கே விண்ணப்பித்தால், சோதித்துப் பார்த்து சான்றிதழ் தருவார்கள். அது இல்லாத பிரின்ட்டைப் பெரிய ஏலக் கம்பெனிகள் கையில்கூட வாங்காது. தெருச் சுவர் ஓவியங்களுக்கோ சான்றிதழே கிடையாது. அவை இருந்த இடத்திலேயே இருக்க வேண்டியவை, விற்பதற்கல்ல என்பது அவர்கள் கட்சி. இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். சுவரைப் பெயர்த்து எடுத்து விற்கப் பார்த்தவர்களும் உண்டே!

சரி, சான்றிதழே போலியாக இருந்தால்? அங்கேதான் அந்த டயானா நோட்டு மறுபடி வருகிறது. நோட்டின் மேல் கையால் ஓர் எண்ணை எழுதி, சரிபாதியாகக் கிழிப்பார்கள். ஒரு பாதி சான்றிதழோடு ஸ்டேப்லர் பின் அடித்து உங்களுக்கு. மறு பாதி அவர்களிடம். சந்தேகம் வந்தால் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கவேண்டியதுதான். ஒரு கிழிசல் மாதிரி இன்னொரு கிழிசல் இருக்காதல்லவா?

கிழியாத டயானா நோட்டு ஒன்று, 2019-ல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த மியூசியத்துக்குக் கிடைத்த முதல் பேங்ஸி படைப்பு அதுதான். வைத்தது எங்கே தெரியுமா? ஓவியங்களோடு அல்ல... நாணயப் பிரிவில்!