காசில் பதிந்த கவிஞர் முகம்
(ருஷ்ய நினைவு ரூபிள்கள் சொல்லும் வரலாறு)

தமிழில் 'நாணயம்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். ஓர் அரசு காசு அடித்து வெளியிடும்போது, தன் வாக்குறுதி ஒன்றை உலோகத்தில் எழுதித் தருகிறது. அவ்வாக்கு நின்றதா, வீழ்ந்ததா என்பதைப் பிற்காலம் உரைத்துப் பார்க்கிறது. ருஷ்ய நாணயங்களைச் சேர்க்கத் தொடங்கிய பின்னரே இவ்விரு பொருளும் எத்துணை நெருங்கிய உறவுடையன என்பது எனக்கு விளங்கிற்று.

நாணயம் சேர்ப்பது நானாகத் தேடிச் சென்ற துறையன்று. ருஷ்யாவில் மருத்துவம் பயின்று திரும்பிய என் அண்ணன் மகள், ஒரு நாள் சிறு காகிதப் பொட்டலம் ஒன்றை என் கையில் வைத்தாள். "அத்தை, நீங்க தமிழ் டீச்சராச்சே. அதான் கவிஞர் படம் போட்ட காசாப் பார்த்து வாங்கினேன்" என்றாள். சாலையோரக் கடையொன்றில் பழங்காசுக் குவியலிலிருந்து பொறுக்கி எடுத்ததாம். 1984-இல் சோவியத் அரசு வெளியிட்ட ஒரு ரூபிள் அது. அதில் இருந்தவர் அலெக்ஸாந்தர் புஷ்கின். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் தமிழில் அச்சிட்டு அனுப்பிய நூல்களை என் தந்தையார் வாங்கி அடுக்கியிருந்த வீட்டில் வளர்ந்தவள் நான். எழுத்தின் வழியே அறிந்த நாட்டைக் காசின் வழியே அறியும் வாய்ப்பு அன்று வந்தது. ஒன்று பத்தாயிற்று, பத்து, ஒரு சிறு பேழையை நிறைத்தது. கவிஞர் முகம் பதிந்த காசுகளை ஆண்டு வரிசையில் அடுக்கியபோது ஒரு கேள்வி எழுந்தது. கவிஞனை அரசு காசில் பொறித்தால் பெருமை பெறுபவர் யார்? கவிஞனா, அரசா?

ஈட்டியும் தாடியும்

ருஷ்ய நாணய வரலாறு சுவை மிக்கது. 'ரூபிள்' என்னும் பெயர், வெட்டுதல் என்னும் பொருள்தரும் ருஷ்ய வினையினின்று வந்தது என்பர். வெள்ளிக் கட்டியை வெட்டிப் பணமாகப் பயன்படுத்திய காலத்தின் தடம் அது. 1535-ஆம் ஆண்டில், சிறுவனான இவானுக்காக ஆட்சி நடத்திய தாய் எலேனா கிளின்ஸ்கயாவின் காலத்தில் நாணயச் சீர்திருத்தம் நிகழ்ந்தது. அப்போது வெளிவந்த வெள்ளிக் காசில் குதிரைவீரன் ஒருவன் ஈட்டி ஏந்தி நின்றான். ஈட்டியைக் குறிக்கும் சொல்லே 'கோபெக்' என்னும் காசுப்பெயருக்கு வேராயிற்று என்பது பெருவழக்கான கருத்து.

1704-இல் மகா பீட்டர் 100 கோபெக் ஒரு ரூபிள் என வரையறுத்து, பெரிய வெள்ளி ரூபிளை அடிக்கச் செய்தார். தாடி மழிக்க மறுத்தோருக்கு அவர் வரி விதித்தார். வரி செலுத்தியோர்க்கு அடையாள வில்லை ஒன்று கொடுக்கப்பட்டது. மூக்கும் மீசையும் தாடியும் மட்டும் பொறித்த அவ்வில்லையில் 'பணம் பெறப்பட்டது' என்னும் வாசகம் இருந்தது. குடிமகனின் முகமயிருக்கும் ரசீது கொடுத்த அரசு அது!

இவ்வரிசையில் என் நெஞ்சைத் தொட்டது, நான் கண்ணாலும் காணாத ஒரு நாணயம். 1825-இல் முதலாம் அலெக்ஸாந்தர் மறைந்ததும், அடுத்த பட்டம் அவர் தம்பி கான்ஸ்தந்தீனுக்கே என எண்ணி, பீட்டர்ஸ்பர்க் அக்கசாலையில் அவர் முகம் பொறித்த ரூபிளை மாதிரிக்கு அடித்தனர். அவரோ அரியணையை மறுத்தார். இளையவர் நிக்கலாய் பட்டமேற்றார். விரல்விட்டு எண்ணத்தக்க அக்காசுகள் பல்லாண்டு மறைத்து வைக்கப்பட்டன. இந்த அரியணைக் குழப்பத்தினூடேதான் டிசம்பர் எழுச்சி வெடித்தது. நிக்கலாய்க்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்த படைகள் சதுக்கத்தில் திரண்டன. எழுச்சி ஒடுக்கப்பட்டது. 1826-இல் தூக்கிலிடப்பட்ட ஐவருள் ஒருவர் கன்ராத்தி ரிலேயெவ். அவர் ஒரு கவிஞர். ஆளாத மன்னனுக்குக் காசு. பாடிய கவிஞனுக்குக் கயிறு!

ஜார் மன்னர்களின் நினைவு ரூபிள்கள் எவற்றைப் போற்றின? 1834-இல் அலெக்ஸாந்தர் தூண், 1839-இல் பொரதினோ போர்க்கள நினைவுச் சின்னம், 1883-இலும் 1896-இலும் முடிசூட்டு விழாக்கள், 1912-இல் நெப்போலியனை வென்ற நூற்றாண்டு, 1913-இல் ரமானவ் குலத்தின் முந்நூறாண்டு. மன்னர், போர், மாளிகை என்னும் எல்லைக்கு வெளியே அவை செல்லவில்லை. 1899-இல் புஷ்கினின் நூற்றாண்டு வந்தபோதும் அவருக்கென ஒரு நினைவு ரூபிள் வெளிவரவில்லை.

எழுத்தாளர் வருகை

சோவியத் அரசின் முதல் நினைவு ரூபிள் 1965-இல் வந்தது. பாசிசத்தை வென்ற இருபதாம் ஆண்டு நினைவாக, கையில் குழந்தையை ஏந்திய வீரனின் பெர்லின் சிலையை அது தாங்கியிருந்தது. லெனின் நூற்றாண்டான 1970-இல் வெளியான ரூபிள் 10 கோடி எண்ணிக்கையில் அடிக்கப்பட்டது. பின்னர் ஒலிம்பிக் போட்டிகளும் விண்வெளிப் பயணமும் காசேறின.

எழுத்துலகின் கதவைத் திறந்தவர் ஓர் அச்சுத் தொழிலாளர். ருஷ்ய அச்சுக்கலையின் முன்னோடி இவான் ஃபியோதரவ் மறைந்து 400 ஆண்டு நிறைந்ததையொட்டி 1983-இல் அவருக்கு ரூபிள் வந்தது. மறு ஆண்டு புஷ்கின். 1988-இல் கார்க்கியும் டால்ஸ்டாயும், 1989-இல் லெர்மந்தவும் ஷெவ்சென்கோவும், 1990-இல் செகாவும் தொடர்ந்தனர்.

இம்முகங்களை அரசின் இலச்சினையோடு சேர்த்துக் காணும்போது மனம் நெகிழாமல் இராது. புஷ்கினை ஓர் அரசர் தென்திசைக்கு வெளியேற்றினார். அடுத்த அரசர் அவர் கவிதைகளுக்குத் தாமே தணிக்கையாளர் ஆனார். 1837-இல் துப்பாக்கிப் போட்டியில் குண்டடிபட்டு அவர் மாண்டபோது, விட்டுச்சென்ற கடன் ஒரு லட்சம் ரூபிளுக்கும் மேல். அதனை அரசு கருவூலம் அடைத்தது. அச்சாவுக்கு நீதி கேட்டுக் கவிதை எழுதியமைக்காக லெர்மந்தவ் காகசஸ் மலைப்பகுதிக்கு அனுப்பப்பட்டார். 1841-இல் அவரும் அத்தகைய போட்டியிலேயே உயிர்துறந்தார். அப்போது அவருக்கு அகவை 26.

தராஸ் ஷெவ்சென்கோவின் கதை இவற்றினும் கொடிது. உக்ரைனிய மக்களின் தேசியக் கவிஞரான அவர் பண்ணையடிமையாகப் பிறந்தார். அவரை மீட்க அவருடைய ஆண்டை கேட்ட விலை 2500 ரூபிள். ஓவியர் பிரியுல்லவ், கவிஞர் ஷுகோவ்ஸ்கியின் உருவத்தைத் தீட்டினார். அவ்வோவியத்தைக் குலுக்கல் முறையில் விற்றுத் திரட்டிய தொகையில் 1838-இல் ஷெவ்சென்கோ விடுதலை பெற்றார். ஒரு கவிஞனின் உருவத்தை விற்று மற்றொரு கவிஞனை மீட்டார்கள்! ஒன்பதே ஆண்டுகளில், 1847-இல், அவர் கைதாகிச் சாதாரணப் படைவீரனாகத் தொலைதூரம் அனுப்பப்பட்டார். எழுதவும் வரையவும் கூடாது என்று முதலாம் நிக்கலாய் தம் கைப்படவே தண்டனையில் சேர்த்தார். அந்தக் கவிஞரின் முகம் 1989-இல் ஒரு ரூபிளில் ஏறியது. 2500 ரூபிள் கொடுத்து வாங்கப்பட்ட மனிதரை ஒற்றை ரூபிளில் பார்க்கையில், விலை என்பது எது, மதிப்பு என்பது எது என்று எண்ணாதிருக்க முடியவில்லை.

விடைபெறும் வேளையில் பல மொழிக் கவிஞர்

சோவியத் நாட்டின் இறுதி மூன்றாண்டுக் காசுகளில் ஒரு புதுமை உண்டு. ருஷ்ய மொழி சாராத கவிஞர்கள் அடுத்தடுத்து இடம்பெற்றனர். 1989-இல் உஸ்பெக் கவிஞர் நியாஸி. அதே ஆண்டில் ருமேனிய மொழியின் பெருங்கவிஞர் எமினெஸ்கு. 1990-இல் லாத்வியக் கவிஞர் ரைனிஸ். 1991-இல் நவாயி, நிஸாமி, துருக்மேனியரின் மக்தும்குலி, சுவாஷ் மொழிக் கவிஞர் இவனோவ்.

இவ்வாண்டுகளை வரலாற்றோடு பொருத்திப் பாருங்கள். எமினெஸ்கு காசு வந்த 1989-ஆம் ஆண்டின் ஆகஸ்டு 31-ஆம் நாள், மல்தாவிய மக்கள் தம் மொழியை அரசுமொழியாக்கி இலத்தீன் வரிவடிவத்தை மீட்டுக்கொண்டனர். ரைனிஸ் காசு வந்த 1990-இன் மே மாதம் லாத்வியா தன் சுதந்திரம் மீட்கப்பட்டதாக அறிவித்தது. 1991-இல் உஸ்பெகிஸ்தானும் அசர்பைஜானும் துருக்மேனிஸ்தானும் தனிநாடுகளாயின. அவ்வாண்டு டிசம்பரில் சோவியத் ஒன்றியமே மறைந்தது. பிரிந்துபோக எழுந்து நிற்கும் மகனிடம், 'உன்னையும் நான் போற்றினேனே' என்று தாய் சொல்வதுபோல் இருக்கின்றன இக்காசுகள். அக்குரலில் அன்பு எவ்வளவு, தன்னலம் எவ்வளவு என்று காசால் சொல்ல இயலாது.

அரசியல் எல்லைக்குள் கவிஞர் அடங்கார் என்பதையும் இவை காட்டுகின்றன. நிஸாமி வாழ்ந்த கஞ்சா நகரம் இன்று அசர்பைஜானில் உள்ளது; அவர் எழுதியது பாரசீக மொழியில். உஸ்பெக் மக்கள் தம் இலக்கியத் தந்தையாகப் போற்றும் நவாயி பிறந்து மறைந்த ஹெராத் நகரம் ஆப்கானிஸ்தானில் உள்ளது. பெலாரஸ் தனிநாடான பிறகும், 1992-இல் ருஷ்ய வங்கி அம்மொழியின் இருபெருங் கவிஞர்களான யங்கா குபாலாவுக்கும் யாகுப் கோலாஸுக்கும் ரூபிள் வெளியிட்டது. நாடு பிரிந்தாலும் கவிதைக்குப் பாகப்பிரிவினை இல்லை போலும்.

பேழையில் வெற்றிடம்

சேகரிப்பாளர் கையிலுள்ள காசை மட்டும் எண்ணலாம். வரலாறு கற்போர் இல்லாத காசையும் எண்ணவேண்டும். 1989-இல் அன்னா அக்மதோவாவுக்கு நூற்றாண்டு. 1990-இல் பாஸ்டர்நாக்குக்கு. 1991-இல் மண்டல்ஸ்டாமுக்கு. இம்மூவருக்கும் அவ்வரிசையில் ரூபிள் இல்லை. அக்மதோவா 1946-இல் எழுத்தாளர் சங்கத்திலிருந்து விலக்கப்பட்டவர். பாஸ்டர்நாக் 1958-இல் தமக்கு வந்த நோபெல் பரிசை மறுக்குமாறு நெருக்கப்பட்டவர். மண்டல்ஸ்டாம் 1938-இல் விளாதிவாஸ்டாக் அருகே கைதிகள் முகாமில் மாண்டவர். ஜார் ஒடுக்கிய கவிஞர்களைக் காசில் ஏற்றிய அரசு, தான் ஒடுக்கிய கவிஞர்களுக்கு அந்த இடத்தைத் தரவில்லை. என் பேழையில் இம்மூன்று ஆண்டுகளுக்கும் அருகே மூன்று வட்டக்குழிகளை வெறுமையாகவே விட்டிருக்கிறேன். பார்ப்போர் கேட்கிறார்கள், நான் கதை சொல்கிறேன்.

விளிம்பைப் படிக்க

சேர்க்க விரும்புவோருக்கு என் பட்டறிவிலிருந்து ஒன்று சொல்வேன். காசின் முகத்தோடு நின்றுவிடாமல் விளிம்பையும் படியுங்கள். முந்தைய நினைவு ரூபிள்களைச் சேகரிப்பாளருக்காக 1988-இல் மீண்டும் அடித்தபோது, விளிம்பில் அவ்வாண்டையும், 'புதிதாக அடித்தது' என்பதைக் குறிக்கும் ருஷ்ய எழுத்து ஒன்றையும் பொறித்தனர். இதை அறியாமல் மறு அச்சு ஒன்றை முதல் அச்சென்று மகிழ்ந்து வாங்கியவள் நான். குற்றம் என் கண்ணுடையது; அக்கசாலை அவ்வகையில் நாணயமாகவே நடந்துகொண்டிருக்கிறது! பழங்காசைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதும் தகாது. காலம் படிந்த கருமையைத் துடைப்பது, ஏட்டுச் சுவடியில் எழுத்தைத் துடைப்பதற்கு ஒப்பாகும்.

இருவேறு புஷ்கின்

இறுதியாக, முதலில் எழுந்த கேள்விக்கு வருவோம். 1992-இல் ருஷ்யாவில் விலைவாசி ஓராண்டிற்குள் ஏறத்தாழ 26 மடங்காயிற்று. வாழ்நாள் சேமிப்பு கரைந்துபோக, முதியோர் தெருவோரம் நின்று வீட்டுப் பொருள்களை விற்றனர். 1998-ஆம் ஆண்டின் முதல் நாளில் 1000 பழைய ரூபிளுக்கு ஒரு புதிய ரூபிள் என்றாயிற்று. அதற்கடுத்த ஆண்டு புஷ்கின் பிறந்த இருநூறாம் ஆண்டு. ருஷ்ய வங்கி மீண்டும் அவர் உருவம் தாங்கிய ரூபிள் ஒன்றை வெளியிட்டது.

என் பேழையில் 1984-ஆம் ஆண்டுக் காசும் 1999-ஆம் ஆண்டுக் காசும் அடுத்தடுத்து இருக்கின்றன. முன்னதில் அரிவாளும் சுத்தியலும். பின்னதில் இருதலைக் கழுகு. இடைப்பட்ட பதினைந்தே ஆண்டுகளில் நாட்டின் பெயர் மாறிற்று, கொடி மாறிற்று, காசின் மதிப்பு கரைந்தது. இரண்டு காசிலும் மாறாது நிற்பவர் அந்தக் கவிஞர் ஒருவரே. எனவே அரசு கவிஞனுக்குப் பெருமை தந்தது என்று சொல்வதினும், கவிஞனிடம் அரசு கடன் பெற்றது என்பதே பொருந்தும். ரிலேயெவுக்கும் மண்டல்ஸ்டாமுக்கும் அவர்கள் காலத்து அரசுகள் தந்தது சாவு. அவர்தம் சொற்கள் அவ்வரசுகளுக்குப் பின்னும் படிக்கப்படுகின்றன.

பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடிக் கவிதை படிக்கும் நம் வட்டத்தார்க்கு இதில் ஓர் ஆறுதலும் ஓர் எச்சரிக்கையும் உண்டு. நம்மில் எவர் முகமும் எந்தக் காசிலும் ஏறாமல் போகலாம், அதனால் குறையொன்றுமில்லை. நாம் எழுதும் சொல் செல்லாக்காசாகிவிடாமல் காப்பதே நம் பொறுப்பு. காசின் நாணயத்துக்கு அரசு பொறுப்பு. சொல்லின் நாணயத்துக்குக் கவிஞனே பொறுப்பு.